ரோண்டா கேட்ட சத்தம்

எங்கள் மேனேஜர் கிர்க் தன் அறைக்கதவைத் திறந்து, வலது காதை உள்ளங்கையால் பொத்தியபடி வெளியே வந்தான்.

“நிஜமா சொல்லுங்க. உங்க யாருக்குமே கேக்கலையா?”

எட்டு மேசைகளிலும் விரல்கள் நின்றன.

“என்னது கேக்கணும், கிர்க்?” என்றாள் லாவோன். அவள் மேசை அவன் கதவை ஒட்டி இருந்தது. கூந்தலுக்கு அடியில் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள்.

“கீ…ன்னு. ஊசியால குத்துற மாதிரி. என் மானிட்டர்ல இருந்து வருது. மூணு வாரமா!”

“ஹீட்டரா இருக்கும்,” என்று கடைசி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவன் பின்னாலேயே பெர்க்லண்ட் வெளியே வந்தார். மினியாபொலிஸ் தலைமை அலுவலகத்திலிருந்து, இதற்காகவே பனியில் இரண்டரை மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். அறுபத்திரண்டு வயது. கிர்க்கின் நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார்ந்து, மானிட்டரின் முதுகில் காதை வைத்தே கேட்டுப் பார்த்துவிட்டார்.

“வீட்ல எல்லாம் சரியா இருக்கா, கிர்க்?”

லாவோன் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க.

அந்த மானிட்டர் ரோண்டாவினுடையது.

டுலூத்தில் எங்கள் இன்சூரன்ஸ் கிளைக்கு வந்த மானிட்டர்கள் எல்லாம் ஒரே வகை. பழுப்பேறிய கனத்த பெட்டிகள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் யாருக்கும் தெரியாது.

ரோண்டா மூலை மேசையில் விபத்துப் படிவங்களைப் பதிந்துகொண்டிருந்தாள். போன செப்டம்பரில், மானிட்டர் கத்துகிறது என்றாள். பிறகு தலைவலி என்றாள். ஒருநாள் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தாள். கிர்க் போய் அதன்முன் குனிந்தான். முகத்தைச் சுளித்துக் காதைத் தேய்த்துக்கொண்டதை லாவோன் பார்த்தாள்.

நிமிர்ந்தவன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “ஒண்ணுமில்ல ரோண்டா. உன் தலைக்குள்ளதான் கத்துது.”

அதற்கு முந்தைய வாரம்தான், தலைமை அலுவலகத்து ஆட்கள் முன்னால் அவன் சொன்ன ஒரு விவரத்தைத் தவறென்று அவள் திருத்தியிருந்தாள்.

அக்டோபரில் அவளை வேலையைவிட்டு அனுப்பினான். சும்மா அனுப்பவில்லை. ‘இல்லாத ஒலிகள் கேட்பதாகச் சொல்கிறார்’ என்று காகிதத்தில் எழுதி அனுப்பினான்.

அவளை விவாகரத்து செய்த கணவனின் வக்கீல் அந்தக் காகிதத்தை எப்படியோ வாங்கிக் கோர்ட்டில் வாசித்தார். ஐந்து வயது மகள் கெல்சி அப்பாவோடு ஃபார்கோவுக்குப் போனாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், ரோண்டா பனியில் ஓட்டிப்போய் மகளைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

நவம்பரில் கோர்டி வந்தான். கிளை கிளையாகச் சுற்றிக் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கிறவன். மூலை மேசையில் சுவிட்சைப் போட்ட கையோடு காதைப் பொத்தினான்.

“ஐயோ, ஊளையிடுதே இது! உள்ள இருக்கிற கம்பிச்சுருள் தளர்ந்துபோச்சு. இதுக்கு முன்னாடியா அந்தப் பொண்ண உக்கார வச்சிருந்தீங்க?”

லாவோன் அழுதுவிட்டாள். முதல் நாளிலிருந்தே அவளுக்கும் கேட்டிருக்கிறது. வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

“சரி பண்ணிடவா?” என்றான் கோர்டி.

“வேண்டாம்,” என்றேன் நான். “அப்படியே இருக்கட்டும்.”

ஜனவரி முதல் வாரம் கிர்க் விடுமுறையில் இருந்தான். நானும் கோர்டியும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தோம். அவனுடையதை மூலைக்குக் கொண்டுவந்தோம். என் முதுகு இரண்டு நாள் வலித்தது.

“நல்லா இருக்குன்னு நான் எழுதிக் குடுத்துடறேன்,” என்றான் கோர்டி. “மேலிடத்துல இருந்து ஆள் வந்தாலும் பயமில்ல. அங்க எல்லாம் கிழவனுங்கதான். அறுபது கிட்ட வந்த காதுக்கு இந்தச் சத்தம் எட்டாது.”

இப்போது கிர்க் எங்கள் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். லாவோனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மூலை மேசைக்குப் போன பார்வை திரும்பவில்லை.

புரிந்துவிட்டது அவனுக்கு.

“இது அவளோட…”

“யாரோட?” என்றார் பெர்க்லண்ட்.

ரோண்டாவின் மானிட்டர் என்று கிர்க் சொன்னால், அன்றைக்கே அவனுக்குக் கேட்டது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், இன்றைக்கு அவன் காதுக்கு மட்டும் கேட்கிறது என்று ஆகிவிடும். அவன் நெற்றியில் வேர்வை அரும்புவதை நான் ஆசைதீரப் பார்த்தேன்.

“யாரோடதும் இல்ல,” என்றான் கடைசியில்.

பெர்க்லண்ட் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். டாக்டரிடம் சான்று வாங்கி வரும்வரை கிர்க் வேலைக்கு வர வேண்டாம். அதை நிரப்பிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். இருபத்தாறு வருஷமாக என்னைத் தெரியும் அவருக்கு.

“மார்லிஸ், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு ஏதாவது கேக்குதா?”

கிர்க்கின் கதவு திறந்தே கிடந்தது. மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூச்சை அடக்கி, உண்மையாகவே காதைக் கொடுத்துக் கேட்டேன்.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது.

“இல்ல, மிஸ்டர் பெர்க்லண்ட். ஒண்ணும் கேக்கல.”

சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ரோண்டாவின் காகிதத்திலும் சாட்சியாக இருப்பது என் கையெழுத்துதான். அன்றைக்கும் நான் பொய் சொல்லவில்லை.