வெல்டிங்காரரிடம் யார் சொல்வது?

“நீங்களே போய்ச் சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா அவர் கோபப்பட மாட்டார்,” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

மருந்துக்கடைக்காரரும் பலமாகத் தலையாட்டினார். வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கட்டட ஓனரிடம் மல்லுக்கு நிற்பதென்றால் இரண்டு பேரும் முதல் ஆளாக நிற்பார்கள். இதற்கு மட்டும் தையல்கடை அக்கா வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். அந்த வரிசையில் ஐந்து கடைகள். ஒரே கூரை, நடுவே பலகைத் தடுப்பு. கடைசிக் கடை வெல்டிங் பட்டறை. தீ விபத்துக்கான இன்ஷூரன்ஸ் பிரீமியம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போய், இந்த வருஷம் ஒரேயடியாக இரண்டு மடங்காகிவிட்டது.

“பக்கத்திலேயே நெருப்பு வேலை நடக்குது. அந்தப் பட்டறை இல்லேன்னா பழைய ரேட்டுக்கே போட்டுத் தரலாம்,” என்று இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிட்டார். நாளைக்கு நேரில் பார்த்து எழுத வருகிறார்.

அக்கா தையல் மெஷின்களை பேங்க் கடனில் வாங்கியவள். இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் பேங்க்காரர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு மடங்கு கட்டவோ வக்கில்லை. அதற்காகக் கடை போட்ட நாளிலிருந்து பழகிய மனிதரிடம் போய், இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஷட்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம் கூப்பிடாமலே கடப்பாரையோடு வந்து நிற்கிற மனிதர் அவர்.

ஆனாலும் போனாள்.

பட்டறை வாசலில் வெல்டிங்காரர் ஒரு டிராக்டர்காரரை விரட்டிக்கொண்டிருந்தார்.

“முடியாதுன்னா முடியாது. நாளைக்கும் வராதீங்க. வேற ஆளைப் பாருங்க.”

“நல்லாத்தான் ஏறிப் போச்சு திமிர்,” என்று முணுமுணுத்தபடி டிராக்டர்காரர் உடைந்த கொக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அக்காவுக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வந்த வாடிக்கையை இப்படித் துரத்துகிற மனிதரிடம் கறாராகப் பேசினால்தான் என்ன?

தொண்டையைச் செருமியவள், தள்ளுவண்டியைப் பார்த்ததும் நின்றாள். வண்டியில் இரண்டு கேஸ் சிலிண்டர்கள். அவற்றின் மேல் அவர் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

ஓ, கதை அப்படிப் போகிறதா என்று நினைத்தாள். நாளைக்கு ஆள் வந்து பார்க்கும்போது சிலிண்டர் இருக்காது. மறுநாள் சாவகாசமாகத் திரும்பி வந்துவிடும். பிறகு ஏதாவது ஒன்று ஆகிப் பொய் வெளியே வந்தால், மாட்டிக்கொண்டு முழிப்பது எல்லாரும்தான்.

“எங்கேண்ணே கொண்டு போறீங்க?”

“ஒரு எடத்துக்கு. இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிம்மா.”

பிடித்தாள். பிடிக்காமல் இருக்க முடியவில்லை, பழக்கதோஷம்.

“நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர் வர்றார். தெரியுமில்ல?”

“தெரியும். அதான் அவசரம்.”

மனிதர் மறைக்கக்கூட இல்லை. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“அவர் அந்தப் பக்கம் போனதும் திரும்பக் கொண்டாந்து வச்சிடுவீங்களாக்கும்?”

அவர் முடிச்சை இறுக்கினார். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“ஓனர் வந்தா கொடுத்துடும்மா.”

அக்கா திரும்பிப் பட்டறைக்குள் பார்த்தாள். வெல்டிங் மெஷின் இல்லை. சாய்த்து வைத்திருக்கும் இரும்புக் குழாய்கள் இல்லை. வேலை மேஜை இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. தரையைப் பெருக்கி, தூசியை மூலையில் குவித்துக்கூட வைத்திருந்தார்.

“அண்ணே, காலி பண்றீங்களா?”

“மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வெட்டவெளி கிடைச்சிருக்கு. தகரம் போட்டிருக்கேன். கரண்டுதான் இன்னும் வரலை. எப்ப வரும்னு தெரியாம அந்த டிராக்டர்காரர்கிட்ட என்னத்தைச் சொல்றது? விரட்டினாத்தான் வேற எடம் பார்ப்பார்.”

“அங்கே யார்ண்ணே தேடி வருவாங்க?”

“வர்றவங்க வரட்டும்.” வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி சொன்னார். “போன மாசம் அந்த இன்ஷூரன்ஸ்காரர் பைக் ஸ்டாண்டை ஒட்ட வந்தார். பேச்சோடு பேச்சாக் கேட்டேன். நான் இருக்கற வரைக்கும் உங்களுக்கெல்லாம் ஏறிக்கிட்டேதான் போகும்னார். உன் மெஷினெல்லாம் கடன்ல ஓடுதேம்மா.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று கூசிப்போனாள். அந்தக் கூச்சத்தில் வாய் தானாக ஒரு பொய்யைச் சொன்னது.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே. நாங்க உங்களைப் போகச் சொல்லுவோமா?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, அவளுக்குச் சிரமமாக இருக்குமென்று, பார்வையைத் தார்ப்பாய் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பழகின முகத்தைப் பார்த்துப் ‘போ’ன்னு சொல்றது லேசான காரியமா? அந்தக் கஷ்டம் உங்க யாருக்கும் வரக் கூடாதுன்னுதான் விடியறதுக்கு முன்னாடியே ஏத்த ஆரம்பிச்சேன். அதுக்குள்ள வந்து நிக்கிறியே தங்கச்சி.”