விறகுக் கள்ளன்

"கள்ளனைப் பிடிச்சிட்டன்!"

தவம் குசினி யன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டுச் சச்சிதானந்தன் அங்கிள் தள்ளுவண்டில் நிறைய விறகு ஏற்றித் தன் வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார். தவத்தின் விறகு!

"மெல்லக் கதையுங்கோப்பா, பிள்ளை எழும்பப் போகுது," என்றாள் மனைவி தர்சினி. பிள்ளை பிறந்து ஒரு மாதம்தான்.

தவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? செப்டெம்பர் பிறந்து, வசந்தம் வந்து மரமெல்லாம் பூத்த பிறகு, நாளைக்கு ஸ்னோ கொட்டுமாம். ஒலிண்டா மலைச் சனம் முழுக்கப் பாணும் பாலும் டோர்ச்சுமாய் வாங்கிக் குவிக்குது. ஸ்னோவுக்கு மரம் முறிந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் அந்தப் பச்சைக் குழந்தைக்கு விறகடுப்பை விட்டால் வேறு கதியில்லை.

"மலையிறங்கித் தூர ட்ருகனினா வரைக்கும் போய் மலிவாய் விறகு ஏத்திக்கொண்டு வந்தனான். அண்டைக்கே மனுசன் ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினது. பொறாமை!"

"அவர் ஏதோ சொல்ல வந்தவர். நீங்கள்தான் 'எனக்கு விறகு தெரியும் அங்கிள்' எண்டு வாயை அடைச்சனீங்கள்."

தவம் வெளியே பாய்ந்தான். "என்ன அங்கிள், வீட்டில விறகுத் தட்டுப்பாடோ?"

"ஓம் தம்பி, ஓம்," என்று சிரித்தபடி அவர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வெட்கம் கெட்ட மனுசன்!

"விடுங்கோப்பா, அயலுக்குள்ள சண்டை வேண்டாம்," என்று தர்சினி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

விடிந்தால் முற்றமெல்லாம் வெள்ளை. சொல்லிவைத்த மாதிரிக் கரண்டும் இல்லை.

மிச்சமாவது இருக்குதோ என்று தவம் ஓடிப்போய் விறகை மூடியிருந்த தறப்பாளை விலக்கினான். ஐயோ, குவியல் அப்படியே இருக்கிறது! ஒரு கட்டையைத் தூக்கினான். பஞ்சு மாதிரி வந்தது. அவன் வாங்கினது கையை முறிக்கிற பாரமல்லவா?

ஒரே நெருப்புக்குச்சிதான். அடுப்பு படபடவென்று பற்றியது. பிள்ளை சூட்டில் காலை உதைத்தது.

அப்போதுதான் பார்த்தான். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியால் கரும்புகை தள்ளுது. அங்கிள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று இருமினார்.

"அங்கிள்..." தவம் வெளியே ஓடினான். "என்ட ஈர விறகை எடுத்துப்போட்டு, ராவோட ராவா உங்கட காய்ஞ்ச விறகையோ வைச்சனீங்கள்?"

"பச்சைப் பிள்ளைக்குப் புகை ஆகாது தம்பி. எனக்கென்ன, கிழவன்... இருமிக்கொண்டு கிடப்பன்!"