பெஞ்சு நிறையணும்

"அதுங்க அவ பெத்த பிள்ளைங்க இல்ல டீச்சரம்மா. சத்தியமா இல்ல."

மோட்டார்காரர் டீச்சரின் காதருகே குனிந்து சொன்னார். ஊரில் இருக்கிற தண்ணி மோட்டாரையெல்லாம் பிரித்து மாட்டியவர் அவர். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படியே காது கொடுத்துக் கேட்பார். கேட்டபின் நம்பமாட்டார்.

"மெதுவாப் பேசுங்க ஐயா. ஆபீசர் உட்கார்ந்திருக்காரு."

ஆபீசர் சுவரோரம் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். புது வருஷத்துப் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் வரவேற்கிற நாள் என்று வாசலில் காகிதப் பூ கட்டியிருந்தது. ஆபீசர் பூப் பார்க்க வரவில்லை. முன்னால் இருக்கிற இரண்டு பெஞ்சும் நிறையாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பள்ளிக்கூடம் போனால் அதற்காக வருகிற பஸ்ஸும் போய்விடும். மோட்டார்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது அந்த பஸ்ஸில்தான்.

"யாரைச் சொல்றீங்க?"

"அந்தத் தையல்காரி. மில்லுக்குப் பின்னாடி புதுசாக் குடிவந்திருக்காளே. அங்க பாருங்க, சின்னவன் மூக்கைத் துடைச்சு விடறா. ரெண்டு விரலால, தள்ளி நின்னு, செத்த பல்லிய எடுக்கற மாதிரி! பெத்தவளா இருந்தா வெறுங்கையால வழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பார்த்திருப்பா."

"ரெண்டு பிள்ளைங்க கூடுதலா வந்திருக்குன்னு நானே சந்தோஷத்துல இருக்கேன். விடுங்க ஐயா."

"எப்படி விடறது? ஒரு பொய் மாட்டுச்சுன்னா அந்தாளு எல்லாரையும் கிளறுவான். அப்புறம் பூ கட்டினது, டீ போட்டது எல்லாம் தண்டம்."

டீச்சர் பேச்சை மாற்றப் பார்த்தாள். மோட்டார்காரரின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினாள்.

"பேத்தி ரொம்ப சமத்து. மூக்கு அப்படியே உங்க மூக்கு!"

மோட்டார்காரர் டீச்சரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ம்… சொல்லிக்கறாங்க," என்றார்.

"உன் பேர் என்னடா கண்ணு?"

சின்னப் பெண் வாயிலிருந்த குச்சி மிட்டாயை எடுப்பதற்குள் மோட்டார்காரர் முந்திக்கொண்டார். "அவ பேசமாட்டா. கூச்சம். மிட்டாய் இருந்தாப் போதும்."

ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். "பிள்ளைங்க உட்காரட்டும் டீச்சர். ஆளுக்கொரு படம் வரையச் சொல்லுங்க, பார்ப்போம்."

பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடம். அதில் தன் கையோடு வந்தவளைத் தூக்கி உட்கார வைத்தார் மோட்டார்காரர். பெஞ்சு நிறைந்தது. ஒரு கலர் பென்சிலை எடுத்து அவள் வலது கையில் திணித்தார். அவள் சத்தமில்லாமல் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கோடு போட்டாள். மோட்டார்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"சித்தி, எனக்குச் சிவப்பு வேணும்!"

தையல்காரியின் சின்னவன்தான். ஆபீசரின் கழுத்து நீண்டது.

"சித்தியா?"

"கூட்டுக் குடும்பம் சார்," என்றாள் தையல்காரி. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "பெரியவங்க பிள்ளைங்க என்னை அப்படிக் கூப்பிடறதைக் கேட்டுக் கேட்டு… இவனுக்கும் அதே வாய்."

ஆபீசர் "ஓ" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. மோட்டார்காரர் தையல்காரியிடம் போய், "கொஞ்சம் வெளிய வாம்மா," என்றார். டீச்சர் கண்ணால் கெஞ்சினாள். அவர் கவனிக்கவில்லை.

தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக் கேட்டார். "யார் வீட்டுப் பிள்ளைங்க?"

"என்னோடதுதான் ஐயா."

"அந்தக் கதையை அந்தாளுகிட்ட சொல்லு. என்கிட்ட வேணாம்."

தையல்காரிக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க அக்கா பிள்ளைங்க. ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பஸ் நின்னுட்டா நான் தையல் கம்பெனிக்கு எப்படிப் போவேன்? இப்பத்தான் வீடே எடுத்திருக்கேன். காட்டிக் கொடுத்துடாதீங்க ஐயா, உங்களைக் கும்பிட்டுக்கறேன்."

செருப்புச் சத்தம் கேட்டது. பின்னாலேயே சின்னப் பெண் வந்து நின்றாள். அவளுக்கும் பின்னால் கை கழுவ ஆபீசர்.

"என்ன பெரியவரே, ஏதாவது பிரச்சனையா?"

தையல்காரி தரையைப் பார்த்தாள். மோட்டார்காரர் ஆபீசரை மேலும் கீழும் அளந்தார்.

"பைப்பு ஒழுகுது சார். அதைத்தான் காட்டிக்கிட்டு இருந்தேன்."

ஆபீசர் கை கழுவினார். "ரெண்டு பெஞ்சும் நிறைஞ்சிருக்கு. இந்த வருஷம் பள்ளிக்கூடம் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் மோட்டார்காரர் பல்லைக் கடித்தார். "செய்யறதை உருப்படியாச் செய்ய வேணாமா? வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல அம்மா, அம்மான்னு கூப்பிடப் பழக்கியிருக்கணும். வாயில எதையாவது கொடுத்து அடைச்சிருக்கணும். சித்தியாம், சித்தி!"

தையல்காரி மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கென்ன ஐயா, சொந்தப் பேத்தியைக் கூட்டிட்டு வந்து நிம்மதியா நிக்கறீங்க."

சின்னப் பெண் வெறும் குச்சியைத் தொட்டியில் போட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மிட்டாய் தீர்ந்துபோச்சு மோட்டார் அங்கிள். இன்னும் எவ்வளவு நேரம் உங்களைத் தாத்தான்னு கூப்பிடணும்?"