சோலைக்குள் மேய்ந்த கிடா

“ஏ குப்பாயி! உன்ற கருப்புக் கெடாயக் காவக்கார ஐயாக்கண்ணு சோலைக்குள்ள புடிச்சு, தோள்ல போட்டுட்டுப் போறான் புள்ள!”

எஸ்டேட் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த குப்பாயி, பக்கத்து வீட்டு மாதம்மாள் சொன்னதைக் கேட்டதும் தூக்குவாளியை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

புருஷன் இல்லாத வீடு. அந்த ஒற்றைக் கிடாவை விற்றுத்தான் வைகாசியில் மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம்.

“அவன் கை விளங்குமா? அவனுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா?” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே கோயிலுக்கு ஓடினாள்.

திட்டினாளே தவிர, தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

எண்பத்து மூணாம் வருஷப் பஞ்சத்தில் ஊர் ஊற்று வற்றி, பொம்பளைகள் எஸ்டேட் கேட்டில் குடத்தோடு கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். மேலே மலையில் சோலையை மொட்டையடித்தால் கீழே ஊற்று எப்படி ஊறும்? ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டு, ஐயாக்கண்ணுவைக் காவலுக்கு வைத்தது. சோலையில் யாரும் விறகு வெட்டக்கூடாது, ஆடு விடக்கூடாது. மீறி மேய்ந்த ஆடு கோயிலுக்கு.

சரியென்று கை தூக்கியவர்களில் குப்பாயியும் ஒருத்தி. இப்போதுதான் ஊற்று மறுபடி கசிய ஆரம்பித்திருக்கிறது.

ஆனால் இந்தக் கோடையில் புல்லுக்கு எங்கே போவாள்? காலையில் கிடாவைச் சோலையோரம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வாயில்லா ஜீவன் கோடு கண்டதா, உள்ளே புகுந்துவிட்டது.

கோயில் முன்னால் ஒரே கூட்டம். நடுவில் ஐயாக்கண்ணு தலைகுனிந்து நின்றிருந்தார்.

“ஏனுங்ணா, இந்த ஒரு தடவ கெடாய உட்டுருங்கண்ணா! உங்க காலப் புடிக்கறேன்!”

“ஊர்க் கட்டுப்பாடு அம்மிணி. நான் மீற முடியாது.”

குப்பாயி ஓவென்று அழுதாள். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான்.

“அட, கெடாயக் குடுக்கறவரே சும்மா நிக்கறாரு, நீ ஏன் அழுவற? காவக்காரர் கெடாயே சோலைக்குள்ள பூந்துருச்சாம்! வேலியே பயிர மேஞ்ச கதையாவல்ல இருக்குது!”

குப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

தூணில் கட்டியிருந்தது அவளுடைய கருப்பன் இல்லை. ஐயாக்கண்ணுவின் செவலைக் கிடா!

போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. கூடவே, வழியெல்லாம் திட்டியதை நினைத்து உடம்பே கூசியது.

“தப்பு என்னுதுதானுங்க. ஊருக்கு ஒரு நாயம், எனக்கொரு நாயமா?” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் ஐயாக்கண்ணு.

பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போகும்போது, மெல்லச் சொன்னார்:

“கருப்பன் உங்க ஊட்டுப் பட்டியில கெடக்குது, போம்மிணி. மறுக்காவும் சோலைப் பக்கம் உட்டுறாத. குடுக்கறதுக்கு எங்கிட்ட வேற கெடா இல்ல.”