மயில்கழுத்து

ஏலத்தில் எடுத்த வெள்ளிக் காசோடு அடுப்படிக்கு வந்தார் கணவர். பல வருஷம் கிடந்து நிறம் மாறி, நீலமும் பச்சையுமாக மின்னியது காசு.

"நிறம் மாறாம வெறும் வெள்ளையா இருந்தா என்ன விலை?" வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள் மனைவி.

"இதுல மூணுல ஒரு பங்கு."

"அப்போ மீதியெல்லாம் கறைக்கா?"

"கறை இல்லடி, அழகு! ஆனா இவ்வளவு போயிருக்காது. ஃபோன்ல ஏலம் கேக்கும்போது 'மயில்கழுத்து'ன்னு பேர் வச்சுக்கிட்டு எவனோ விடாம ஏத்திவிட்டுட்டான், படுபாவி!"

கத்தி நின்றது. காசை வாங்கிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்தப் படுபாவி நான்தாங்க! உங்க பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம்னு இங்க உக்காந்துதான் கேட்டேன். 'மகாகஞ்சன்'னு எவனோ தட்டிட்டுப் போயிட்டான்னு நாலு நாளா சாபம் விட்டுட்டிருக்கேன்... அது நீங்கதானா?"