சாம்பல் நிறக் கட்டடம்

பாண்டிச்செல்வி தங்கியிருக்கும் வீட்டில் ஆள் நடமாட்டமே கிடையாது என்று கம்ப்யூட்டர் சொன்னது.

ஊராட்சிக் கூடத்தில் பெரிய திரை கட்டி, பென்னலூரையே பொம்மை ஊராக்கிக் காட்டிக்கொண்டிருந்தார் வெள்ளத் தடுப்பு அதிகாரி இளம்பரிதி. ஏரி உடைந்தால் எந்தத் தெருவுக்கு எத்தனை அடி தண்ணீர் வரும், படகு எங்கே முதலில் போகவேண்டும் என்றெல்லாம் அது சொல்லுமாம். ஆள் இருக்கும் வீடு மஞ்சள், ஆளில்லாதது சாம்பல். சாம்பலுக்குப் படகு கிடையாது.

அவள் இருக்கும் பன்னிரண்டு அறைக் கட்டடம் சாம்பலாக இருந்தது.

போன ஐப்பசி மழையில் ஒன்றரை நாள் மொட்டை மாடியில் நின்ற அறுபது பெண்களில் அவளும் ஒருத்தி. ஒரு படகும் வரவில்லை. சாக்கடைத் தண்ணீரில் உப்பி மிதந்து வந்த நாயின் நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

"சார், அங்கன நாங்க அறுவது பேரு இருக்கோம். ஒங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

பாண்டிச்செல்வி எழுந்து நின்றே கேட்டுவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இவன் அறுபது பெண்களையே மறைத்துவிட்டான். எட்டு மணி நேரம் கம்பெனி லைனில் நின்று இவர்களுக்கெல்லாம் செல்போன் செய்து கொடுக்கிறவள், இவன் பொம்மை ஊரில் மட்டும் மனுஷி இல்லையா?

நல்லவேளை, கட்டடச் சொந்தக்காரர் புருஷோத்தமனும் கூடவே எழுந்தார். தங்கமான மனிதர். ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் செலவில் இரண்டு வேன் பிடித்து, கையில் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து, எல்லாரையும் மகாபலிபுரம் அனுப்பிவைத்தவர். பெற்ற அப்பன்கூட அப்படிச் செய்யமாட்டான். அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறார் என்று ஊரில் பேச்சு.

"இன்னா சார் இது? அறுவது பொண்ணுங்க கீறாங்க அங்க. அத்தினி பேரும் என் பொண்ணுங்க மாதிரி. நாளைக்கு ஒண்ணுன்னா எவன் பதில் சொல்றது?"

கூடமே கை தட்டியது. பாண்டிச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

இளம்பரிதி கோபப்படவில்லை. டிரோன் படத்தை மட்டும் நம்பாமல், ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் நேரிலும் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். எல்லா அறையும் பூட்டியிருந்ததாம், வாசலில் இரண்டு மாடு கட்டியிருந்ததாம். மாட்டுக் கொட்டகை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார்களாம்.

தப்பு என்றால் இந்த நிமிஷமே மஞ்சளாக்கிவிடலாம் என்றார். அறுபது பேர் வாடகைக்கு இருப்பதாக உரிமையாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டு வரிக்கும் கரண்ட் ஆபீசுக்கும் ஒவ்வொரு நகல் தானாகப் போய்விடும் என்று சொல்லித் தாளை நீட்டினார்.

பேனாவை ஓடிப்போய் வாங்கி வந்தவள் பாண்டிச்செல்விதான்.

"போடுங்க அண்ணாச்சி."

புருஷோத்தமன் தாளை இரண்டு தடவை படித்தார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த இருபது பெண்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அங்க யாரும் இல்ல சார்."