நொண்டி எறும்பு கொண்டுவந்தது

மழை இருட்டிக்கொண்டு வந்தது. எறும்புகள் புற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. வாசலில் நின்ற காவல் எறும்பு, "என்ன கொண்டுவந்தே?" என்று கேட்டுக் கேட்டு உள்ளே விட்டது.

"சர்க்கரை."

"நொய்."

"செத்த ஈயோட இறக்கை."

கடைசியாக, பின்னங்கால்கள் இல்லாத செவந்தி உடம்பை இழுத்துக்கொண்டு வந்தது. வாயில் ஒன்றுமில்லை.

"நீ என்னடி கொண்டுவந்தே?"

செவந்தி யோசித்தது. "நான் வந்திருக்கேன், அக்கா."

"வெறும் வாயோட வர்றவளுக்கு உள்ளே என்ன வேலை?"

முதல் துளி பக்கத்தில் விழுந்து மண் தெறித்தது. செவந்தி தலையைத் தாழ்த்திக்கொண்டு அங்கேயே நின்றது.

அப்போது, வாசலை அடைக்க மண் உருண்டைகளோடு உள்ளே காத்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா, செவந்தி வந்துட்டாளா? அவ இல்லாம எப்படி அடைக்கிறது?"

காவல் எறும்பு குனிந்து, செவந்தியை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.

"வந்துட்டா," என்றது. "அடைங்கடி."